மண்ணுக்கடியில் கிடக்கும் தாமதம்

இந்த மாதமும் ஒரு கார்பூல் ராம்ப் (பலர் சேர்ந்து போகும் கார்களுக்கான தனித் தடத்தில் இறங்கும் சரிவுப்பாதை) கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. கலிஃபோர்னியா ஃப்ரீவே, நடு மீடியனில் இறங்கும் ராம்ப், பல மாதத் தாமதம். கூடுதல் பணம் கேட்கும் ஒப்பந்ததாரர், தர முடியாது என்று நிற்கும் உரிமையாளர் தரப்பு. ஷெட்யூலும் (கால அட்டவணை) கிளெய்மும் (கூடுதல் பணமோ நாளோ கேட்கும் கோரிக்கை) பார்ப்பதுதான் என் பிழைப்பு. பாலத்தின் பெயர் மாறுகிறது, காரணம் மாறுவதில்லை: மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்கள். அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

"பகலில் போகும்போது பார்த்தால் ஒருத்தரும் வேலை செய்வதில்லை. ஆளைக் கூட்டி ராத்திரி பகலாகச் செய்தால் முடியாதா?" தமிழ்ச் சங்க விருந்தில் கேட்டால், சரி, சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். சிவில் படித்துவிட்டு சைட்டில் நிற்கிற தம்பிகளும் இதையே கேட்டால் என்ன செய்வது?

கார்பூல் ராம்ப் இருப்பது சாலையின் நட்டநடுவில். மேம்பாலத்திலிருந்து நேராகக் கார்பூல் தடத்தில் இறங்கிவிட்டால், நான்கைந்து தடங்களைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டாம் என்பதுதான் அதன் பயன். ஆனால் கட்டும்போது இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்கும். தடத்தை மூட அனுமதி பெரும்பாலும் இரவில்தான். இரவு 10 முதல் காலை 5 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் 7 மணி நேரம். ஒவ்வொரு தடமாகக் கோன் வைத்து மூட வேண்டும், அப்புறம்தான் இயந்திரம் உள்ளே வரும். விடியுமுன் எல்லாம் வெளியேறி, கோனையும் எடுத்தாக வேண்டும். திறக்கப் பிந்தினால் 10 நிமிடத்துக்கு இவ்வளவு என்று அபராதம், அதனால் எந்த ஃபோர்மேனும் கடைசி நிமிடம் வரை இழுக்க மாட்டார். உருப்படியாகக் கிடைப்பது நாலரை மணி நேரம். பண்டிகை விடுமுறையை ஒட்டித் தடத்தை மூட விடமாட்டார்கள். அந்த ஒடுக்கமான இடத்தில் ஆளை இரட்டிப்பாக்கினால் நிற்கத்தான் இடமிருக்காது.

வேலை நடக்காமல் கிடப்பதாகத் தோன்றும் அந்த அனாதை மண்மேடு? ராம்ப் பாலத்தைத் தொடுமிடத்தில் மண்ணைக் கொட்டி, அது அமுங்கி நிற்கும் வரை அளந்துகொண்டிருக்கிறோம். பாலத்தின் கான்கிரீட்டும் வலுப்பெற்ற பிறகுதான் அதனுள் போகும் எஃகுக் கேபிளை இழுத்து இறுக்க முடியும். இந்த நாட்களெல்லாம் ஷெட்யூலில் முதலிலிருந்தே இருப்பவை. ஆள் கூட்டினால் மண் வேகமாக அமுங்குமா?

லாஸ் ஏஞ்சலஸின் 405 ஃப்ரீவேயையே எடுத்துக்கொள்ளுங்கள். செபுல்வெடா கணவாயில் 10 மைல் கார்பூல் தடம், கூடவே ஏராளமான ராம்ப்கள், மூன்று பாலங்கள். 2011 ஜூலையில் மல்ஹாலண்ட் பாலத்தின் பாதியை இடிக்க 53 மணி நேரம் ஃப்ரீவேயையே மூடினார்கள். ஊரே 'கார்மகெடான்' (கார்களின் உலக முடிவு) என்று நடுங்கியது. அந்த வேலையோ சுமார் 17 மணி நேரம் முன்னதாகவே முடிந்தது. ஆனாலும் தடம் திறந்தது, எதிர்பார்த்ததற்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிந்தி, 2014 மே மாதத்தில். 100 கோடி டாலருக்குச் சற்று மேலே தொடங்கிய செலவு, வழக்காடித் தீர்த்த பிறகு 160 கோடியை எட்டியது. இழுத்துப் பிடித்தவற்றில் முக்கியமானவை நிலத்தடிக் குழாய்களை மாற்றியமைப்பதும் நிலம் கைக்கு வருவதும். எல்லாரும் பயந்த இடிப்பு வேலை நேரத்துக்கு முந்தி முடிந்தது, யாரும் பார்க்காத குழாய் கழுத்தைப் பிடித்தது.

குழாயைப் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் தொட முடியாது. எரிவாயு, தண்ணீர், தொலைத்தொடர்பு என்று அந்தந்த நிறுவனம் தன் ஆட்களோடு, தனக்கு வசதியான நாளில் வரும். இது தெரிந்தும், நிதியாண்டு முடிவதற்குள் ஒப்பந்தம் போட்டாக வேண்டுமென்று, குழாய் இருந்த இடத்திலேயே இருக்க வேலையை ஒப்படைக்கிறார்கள். அன்றைக்கே தாமதத்துக்குக் கையெழுத்து போட்டாயிற்று. பிறகு ஓடுவது வெறும் மீட்டர்: சைட் ஆபீஸ், ஊழியர் சம்பளம், கான்கிரீட் தடுப்புகளின் வாடகை.

சைட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: தோண்டுமுன் அழைக்க வேண்டிய 811 எண்ணை அழைத்தால், வந்து தரையில் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். குழாய் எங்கே போகிறது என்று அது காட்டும், எவ்வளவு ஆழம் என்று காட்டாது. பைல் (ஆழ அஸ்திவாரத் தூண்) போடும் இடத்தில் குழி எடுத்துக் கண்ணால் பாருங்கள். பழைய வரைபடத்தை நம்பாதீர்கள், வரைந்தவர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். வரைபடத்தில் இல்லாதது கிடைத்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். கால்ட்ரான்ஸ் (கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறை) ஒப்பந்தத்தில் கிளெய்முக்கான முதல் பதிவுக்கு 5 வேலை நாட்கள்தான். வளைகுடாவில் ஃபிடிக் (சர்வதேசக் கட்டுமான மாதிரி) ஒப்பந்தம் பார்ப்பவர்களுக்கு 28 நாட்கள், அதையும் கோட்டை விடுகிறார்கள். "வாயால் சொன்னேன் சார், அவரும் சரி என்றார்" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அப்புறம் நாட்குறிப்பு. இப்போது வந்திருக்கும் கோப்பில் பக்கம் பக்கமாக 'வேலை மந்தம்' என்று மட்டும் இருக்கிறது. எந்த இயந்திரம் நின்றது, எத்தனை மணிக்கு, எதற்காக? ஒரு வரி இல்லை. நிஜமாகவே நஷ்டப்பட்டவருக்கும் இதை வைத்துப் பணம் வாங்கித் தர முடியாது. தயவுசெய்து எழுதுங்கள், கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

பொதுக்கூட்டத்துக்குப் போகிறவர்கள், திறப்பு விழா என்றைக்கு என்று கேட்பதை விட்டுவிட்டு, குழாய்கள் என்றைக்கு நகரும், அந்தத் தேதிக்கு எந்த நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். மேடையில் இருப்பவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தால், ராம்ப் எப்போது திறக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.