லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்: பேரோட அர்த்தமும் தமிழ்ல அதுக்கு என்ன சொல்லலாம்ங்கறதும்

பிளஸ் டூல மேத்ஸ் குரூப் படிச்ச பொண்ணுக்கு அமெரிக்காவுல ஆம்ஹர்ஸ்ட், கிரினெல் மாதிரி ஒரு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல சீட் கெடைக்குதுன்னு வைங்க, சொந்தக்காரங்க கேக்கற மொத கேள்வியே "ஆர்ட்ஸ் காலேஜா? நல்லா படிக்கற பொண்ணாச்சே, எதுக்கு ஆர்ட்ஸ்?"ன்னுதான் இருக்கும். அவங்க மேல தப்பு இல்ல, நம்ம ஊர்ல ஆர்ட்ஸ்னா வரலாறு, பொருளாதாரம், இலக்கியம், இல்லன்னா படம் வரையறது, அவ்ளோதான். இதுல முன்னாடி 'லிபரல்'னு வேற ஒட்டிக்கிட்டு இருக்கறதால சில பேர் அத 'தாராளவாதக் கலைக் கல்லூரி'ன்னு தமிழ்ல எழுதிடறாங்க, படிக்கறவங்க ஏதோ அரசியல் கட்சி நடத்தற காலேஜ் போலன்னு நெனைச்சுக்கறாங்க. ரெண்டு சொல்லையும் தனித்தனியா பிரிச்சுப் பாத்தா கொழப்பம் தீந்துடும்.

லத்தீன்ல 'லீபெர்'னா அடிமையா இல்லாத ஆளு. 'ஆர்ஸ்'னா முறையா கத்துக்கற வித்தை. ரெண்டும் சேந்து 'ஆர்ட்டெஸ் லிபெராலெஸ்', சுதந்திரமான குடிமகனுக்குத் தகுந்த கல்வின்னு அர்த்தம். ரோமாபுரில அடிமைங்க செஞ்ச வேலையும் கூலிக்கு செஞ்ச கைத்தொழிலும் இதுக்கு வெளிய நின்னுச்சு, ஒழைக்கறவன் ஒருத்தன் கீழ இருந்ததாலதான் இன்னொருத்தனுக்கு இந்தப் படிப்புக்கு நேரம் கெடைச்சுது, அந்தக் கறையையும் சேத்தே இந்தச் சொல்லப் புரிஞ்சுக்கணும்னு நான் நெனைக்கறேன். கிபி 5ஆம் நூற்றாண்டுல மார்த்தியானுஸ் கபெல்லாங்கறவரு ஏழு கலைங்களையும் ஏழு பெண்களா உருவகிச்சு ஒரு நூல் எழுதினாரு, அப்பறம் ஐரோப்பா முழுக்க அந்த ஏழுதான் பாடத்திட்டம்னு நெலைச்சுப் போச்சு. இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூணும் ஒரு கூட்டு, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் நாலும் இன்னொரு கூட்டு. இசை எப்படி கணக்கோட சேந்துச்சுன்னு கேட்டா, கம்பியோட நீளத்துக்கும் சுரத்துக்கும் இருக்கற விகிதத்தத்தான் அவங்க இசைப் பாடமா படிச்சாங்க. ஆக ஏழுல நாலு கணக்கு! சயின்ஸுக்கு எதிரான 'ஆர்ட்ஸ்' இதுல எங்கயுமே கெடையாது.

நடுக்காலப் பல்கலைக்கழகங்கள்ல மொதல்ல இந்தக் கலைங்களப் படிச்சு முடிச்சாத்தான் சட்டம், மருத்துவம், இறையியல்னு மேல போகலாம். பி.ஏ., எம்.ஏ.ங்கற பட்டமெல்லாம் அந்த வழக்கத்துல வந்ததுதான். அதனாலதான் இன்னிக்கும் ஆம்ஹர்ஸ்ட்ல ஃபிசிக்ஸ் படிச்சாலும் கணிதம் படிச்சாலும் கையில குடுக்கறது பி.ஏ. பட்டம்தான், பி.எஸ்சி.ன்னு ஒண்ணு அங்க கெடையாது.

அமெரிக்காவுல இந்தச் சின்னக் காலேஜுங்க கெளம்புனது பெரும்பாலும் சர்ச் ஆளுங்க கையால. வில்லியம்ஸ் 1793, ஆம்ஹர்ஸ்ட் 1821, ஓபர்லின் 1833, பெண்களுக்குன்னு மவுன்ட் ஹோலியோக் 1837, குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவப் பிரிவினர் ஆரம்பிச்ச ஸ்வார்த்மோர் 1864. அப்பறம் 1876ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஜெர்மன் மாதிரில ஆராய்ச்சிய முன்னாடி வெச்சு வந்துச்சு, பெரிய இடங்க எல்லாம் அந்தப் பக்கம் போச்சு, இந்தச் சின்ன இடங்க மட்டும் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தறதே எங்க வேலைன்னு நின்னுடுச்சு.

இதுல நம்ம மண்ணுக்கு நேரடித் தொடர்பு ஒண்ணு இருக்கு, தமிழ்ல இதப் பத்தி இன்னும் நெறைய பேசணும்னு எனக்கு ஆசை. 1806ல வில்லியம்ஸ் காலேஜ் பசங்க அஞ்சு பேரு மழைக்கு ஒரு வைக்கோல் போர் பக்கம் ஒதுங்கி ஜெபம் பண்ணாங்க, அதுல இருந்து கெளம்புன வேகத்துல 1810ல அமெரிக்கன் போர்டுன்னு ஒரு மிஷன் அமைப்பு வந்துச்சு, அவங்க ஆளுங்க 1816ல யாழ்ப்பாணம் வந்து 1823ல வட்டுக்கோட்டை செமினரிய ஆரம்பிச்சாங்க. பேருக்கு செமினரி, அதாவது பாதிரியார் பயிற்சிப் பள்ளி, ஆனா நடந்தது அவங்க ஊர் காலேஜ் மாதிரியான படிப்பு, கணக்கு, வானியல், தர்க்கம், ஆங்கிலம், அதோட தமிழும். மதத்த மாத்தறதுதான் அவங்க நோக்கம், அத மறைக்கத் தேவையில்ல, ஆனா அங்க படிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் தான் சென்னைப் பல்கலைக்கழகத்தோட மொதல் பட்டதாரிங்க, அதே தாமோதரம்பிள்ளைதான் பின்னாடி சுவடில கெடந்த கலித்தொகைய 1887ல அச்சுல கொண்டு வந்தாரு. கணக்கும் தர்க்கமும் தமிழும் ஒண்ணா கத்துக்கிட்ட ஒருத்தரு என்ன செய்ய முடியும்ங்கறதுக்கு அவர விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

சரி, இன்னிக்கு உள்ள போனா என்ன படிப்பாங்க? சேரும்போது டிபார்ட்மென்ட் கெடையாது. பொதுவா ஒரு செமஸ்டருக்கு நாலு கோர்ஸ், நாலு வருஷத்துல 32 கோர்ஸ், ரெண்டாவது வருஷக் கடைசிக்குள்ள மேஜர், அதாவது ஆழமா படிக்கப் போற பாடம், எதுன்னு சொல்லணும். வில்லியம்ஸ்ல மொழியும் கலையும், சமூக அறிவியல், இயற்கை அறிவியலும் கணிதமும்னு மூணு பிரிவுலயும் கொறைஞ்சது மூணு மூணு கோர்ஸ் எடுத்தே ஆகணும். ஆம்ஹர்ஸ்ட்லயும் கிரினெல்லயும் அந்தக் கட்டாயம் இல்ல, மொத வருஷம் ஒரு செமினார், அப்பறம் மேஜருக்கு வேண்டியது, மிச்சம் உங்க இஷ்டம். வில்லியம்ஸோட டூட்டோரியல்னு ஒண்ணு இருக்கு, ஒரு வாத்தியார், ரெண்டே ரெண்டு ஸ்டூடன்ட், இந்த வாரம் ஒருத்தர் கட்டுரை எழுதி வாசிக்கணும் இன்னொருத்தர் அதுல ஓட்டை கண்டுபிடிக்கணும், அடுத்த வாரம் மாறிக்கணும், பின் பெஞ்சுன்னு ஒண்ணு அங்க இருக்கவே முடியாது. ஸ்வார்த்மோர்ல 1922ல இருந்து ஹானர்ஸ் முறை நடக்குது, வெளிய வேற பல்கலைக்கழகத்துல இருந்து வர்றவங்கதான் பரீட்சை வெப்பாங்க, நேர்ல ஒக்காத்தி வெச்சும் கேப்பாங்க. பி.எச்டி. ஸ்டூடன்ட்ஸ் பொதுவா இருக்க மாட்டாங்கங்கறதால பாடம் நடத்தறதும் பேப்பர் திருத்தறதும் புரொபசரே, லேப்ல அவருக்குக் கை ஒதவறதும் இந்த இளநிலைப் பசங்களே. 'அகல உழுவதை விட ஆழ உழு'ன்னு நம்மகிட்ட பழமொழி இருக்கு, அத வெச்சு இந்தப் படிப்ப மேலோட்டம்னு சொல்றவங்க உண்டு. மேஜர்ங்கறதே ஆழ உழற பகுதிதான், ரீட் காலேஜ்ல கடைசி வருஷம் எல்லாருமே ஆய்வேடு எழுதிக் குடுத்தாத்தான் பட்டம்.

இப்ப தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'தாராளவாத' வேண்டாம், அது அரசியல் கொள்கையோட பேரு. 'தாராளக் கலை'யும் வேண்டாம், தாராளம்னா நமக்கு கை நெறைய அள்ளிக் குடுக்கறதுதான் ஞாபகம் வரும். 'கலைக்கல்லூரி' ஏற்கனவே வேற அர்த்தத்துல ஒக்காந்திருக்கு. ஆனா 'கலை'ங்கற சொல் தப்பான தேர்வு கெடையாது, அறுபத்து நான்கு கலைகள்னு சொல்லும்போது அதுல பாட்டும் உண்டு கணக்கும் உண்டு சமையலும் உண்டு, பழைய 'ஆர்ஸ்'க்கு நல்லாவே பொருந்துது, இன்னிக்கு நாமதான் அத சுருக்கிட்டோம். அதனால என் கருத்து, வரலாற்றுல வர்ற அந்த ஏழ சொல்லும்போது 'கட்டற்ற கலைகள்'னு எழுதலாம், அடிமைக் கட்டு இல்லாதவன்ங்கற மூல அர்த்தமும் வந்துடும். இன்னிக்கு இருக்கற காலேஜ சொல்லும்போது 'பல்துறை இளநிலைக் கல்லூரி'. 'இளங்கலை'ன்னு போட்டா திரும்பவும் பி.ஏ. பி.எஸ்சி. பிரிவினை உள்ள வந்துடும், 'இளநிலை'ல அந்தத் தொல்லை இல்ல. கூடவே வர்ற சொல்லுங்களும் சொல்லிடறேன், மேஜர் முதன்மைப் பாடம், மைனர் துணைப் பாடம், தீசிஸ் ஆய்வேடு. செமினார மட்டும் கருத்தரங்குன்னு எழுதாதீங்க, அது மேடை மைக் மாலையோட நடக்கற விஷயம், இங்க பத்துப் பதினஞ்சு பேரு மேஜைய சுத்தி ஒக்காந்து பேசறது, கலந்துரையாடல் வகுப்புன்னா சரியா இருக்கும்.

முடிச்சுட்டு எங்க போறாங்கன்னா, அமெரிக்காவுல சட்டமும் மருத்துவமும் பட்டத்துக்கு அப்பறம்தான் படிக்கணும். சட்டத்துக்கு எந்த மேஜரும் ஓகே. மருத்துவத்துக்கு 'ப்ரீ-மெட்'னு சொல்றது ஒரு மேஜர் இல்ல, கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஃபிசிக்ஸ் கோர்ஸுங்கள முடிச்சு எம்கேட்ங்கற நுழைவுத் தேர்வு எழுதணும், மேஜர் வரலாறா கூட இருக்கலாம். இன்ஜினியரிங் வேணும்னா சில காலேஜ்ல மூணு வருஷம் அந்தக் காலேஜ்லயே, ரெண்டு வருஷம் கொலம்பியா மாதிரி எடத்துலன்னு ரெண்டு பட்டம் வாங்கற வழி இருக்கு, ஸ்வார்த்மோர்ல இன்ஜினியரிங் துறையே இருக்கு. ஆராய்ச்சிக்குப் போறவங்களும் நெறைய, 1989ல வேதியியல் நோபல் வாங்குன தாமஸ் செக் கிரினெல்ல படிச்சவருதான்.

நம்ம பசங்க கவனிக்க வேண்டிய எடம் ஒண்ணு இருக்கு. பட்டத்துல பி.ஏ.ன்னு இருந்தாலும் மேஜர் கம்ப்யூட்டர் சயின்ஸோ ஃபிசிக்ஸோன்னா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷ ஓபிடிக்கு (படிச்சவங்க அங்கயே வேலை பாக்கக் கெடைக்கற அனுமதி) மேல ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) நீட்டிப்பா இன்னும் 24 மாசம் கேக்கலாம், அது பட்டத்தோட பேர பாத்து வர்றது இல்ல, மேஜர் எந்த கோட் நம்பர்ல பதிவாகியிருக்குன்னு பாத்து வர்றது. எகனாமிக்ஸ் சில காலேஜ்ல ஸ்டெம் கோட்ல இருக்கு, சிலதுல இல்ல, விசாவுக்காக காலேஜ் குடுக்கற ஐ-20 படிவத்துலயே அந்த நம்பர் இருக்கும், பாத்துக்கோங்க. இங்க திரும்பி வந்து எம்.எஸ்சி. சேரணும்னு நெனைக்கறவங்க டிரான்ஸ்கிரிப்ட்டோட ஒவ்வொரு கோர்ஸோட சிலபஸையும் வாங்கி வெச்சுக்கோங்க, 'பி.ஏ. ஃபிசிக்ஸா, அப்படி ஒண்ணு உண்டா?'ன்னு அட்மிஷன் ஆபீஸ்ல கேக்கும்போது எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும்.