அக்கறை தலைப்பில் மட்டும் இருந்தால் போதாது: கலை, வடிவமைப்பு மாணவர்களுக்கு

கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு மாணவர் உருக்கமான சுவரொட்டி செய்துகொண்டு வருவார். படம் மனத்தைத் தொடும், எழுத்துருவும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆனால் அச்சடித்திருப்பது பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய ஃப்ளெக்ஸில். கண்காட்சி முடிந்ததும் சுருட்டி மூலையில் வைப்பார்கள். சில மாதங்களில் அது குப்பைக்குப் போகும்.

வடிவமைப்பு கற்பிப்பது என் தொழில். சூழல் நிலைத்தன்மை, சமூகப் பொறுப்பு என்ற சொற்கள் பாடத்திட்டங்களில் இடம்பிடித்துவிட்டதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. அவை படைப்பின் தலைப்போடு நின்றுவிடுவதுதான் என் கவலை. எந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம், எதைக் கொண்டு ஒட்டுகிறோம், யார் கையால் செய்விக்கிறோம் என்று முடிவெடுக்கும் நேரத்தில் அந்தச் சொற்களை யாரும் நினைப்பதில்லை.

அதனால் புதிய மாணவர்களிடம் நான் முதலில் எதையும் வரையச் சொல்வதில்லை. ஆடம்பரமான பரிசுப்பெட்டி ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள பொருள்களை வகைவாரியாகப் பிரித்து வைக்கச் சொல்வேன். மேலே இருக்கும் பளபளப்பான லேமினேஷனை உரிக்கத் தொடங்குவார்கள். அது அட்டையின் நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். மூடிக்குள் ஒரு காந்தம், அதைச் சுற்றிக் கெட்டியான பசை, அடியில் ஸ்பாஞ்ச், அதன்மேல் ஒட்டிய வெல்வெட். கத்தரி, கத்தி எல்லாம் வந்தும் மேசைமேல் சுத்தமான குவியல் ஒன்றுகூடத் தேறாது. வெறும் அட்டையாக இருந்திருந்தால் காகித ஆலைக்குத் திரும்பிப் போயிருக்கும். படலமும் பசையும் சேர்ந்து அதை வீணாக்கிவிட்டன. அதை முடிவு செய்தவர் ஒரு வடிவமைப்பாளர். மடித்துச் செருகும் மூடி ஒன்றை யோசித்திருந்தால் காந்தமே தேவைப்பட்டிருக்காது. இந்த ஒரு வேளைப் பயிற்சியில் மாணவர்கள் கற்பது, பல விரிவுரைகளில் நான் சொல்ல முடிவதைவிட அதிகம்.

நிறமும் இப்படி வினையாகலாம். மறுசுழற்சி நிலையங்கள் பலவற்றில் பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் இயந்திரங்கள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் இன்ன பிளாஸ்டிக் என்று கண்டுகொள்கின்றன. கறுப்புக்காகச் சேர்க்கும் கார்பன் பிளாக் நிறமி அந்த ஒளியை விழுங்கிவிடும். உணவு அடைக்கும் கறுப்புத் தட்டு நல்ல பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தாலும் இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாமல் கழிவோடு போய்விடுகிறது. உணவு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒருவர் கறுப்பைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு இது. ‘மக்கும்’ என்ற முத்திரையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த முத்திரையோடு விற்கும் பிஎல்ஏ என்ற வகைப் பிளாஸ்டிக் ஒழுங்காக மக்குவதற்கு, உரமாக்கும் தொழிற்கூடத்தில் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். சாதாரண மண்ணிலோ கடலிலோ விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இதெல்லாம் பொருள் வடிவமைப்பவர்களின் கவலை, எங்களுக்கில்லை என்று ஓவிய மாணவர்கள் ஒதுங்குவதுண்டு. அக்ரிலிக் வண்ணத்தில் நிறமியைப் பிடித்து வைத்திருப்பதும் பிளாஸ்டிக்தான். தூரிகையைக் குழாயடியில் கழுவினால் அது நேரே சாக்கடைக்குப் போகிறது. வண்ணம் கேட்மியம் சிவப்போ கோபால்ட் நீலமோ என்றால் அதிலுள்ள உலோகமும் சேர்ந்து போகிறது. தூரிகையைக் கழுவும் முன் பழந்துணியால் வண்ணத்தை நன்றாகத் துடைத்து எடுங்கள். கழுவிய நீரை வாளியில் சேர்த்து, அலுமினியம் சல்பேட்டும் நீற்றிய சுண்ணாம்பும் அளவாகக் கலந்தால் வண்ணத் துகள்கள் திரண்டு அடியில் படியும். தெளிந்த நீரை வடிகட்டிப் பிரித்து, கசடைக் காயவைத்துத் திடக்கழிவாக ஒப்படைக்கலாம். கலைக்கூடத்தில் இதற்கு ஒரு மூலை போதும். அந்த மூலையைக் கேட்டு வாங்குங்கள்.

சமூகப் பொறுப்பு இதைவிடக் கடினம், ஏனென்றால் நல்ல எண்ணமே அங்கு கண்ணை மறைத்துவிடும். தென்னாப்பிரிக்காவிலும் அண்டை நாடுகளிலும் நிறுவிய ‘பிளே பம்ப்’ என்ற ராட்டினக் குடிநீர்ப் பம்பை வகுப்பில் விரிவாகப் பேசுவேன். குழந்தைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் மேலேறும். கேட்கவே இனிக்கிற யோசனை. விருதும் நிதியும் குவிந்தன. சொன்னபடி ஒரு பம்ப் 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் பிறகு கணக்கிட்டுக் காட்டியது. குழந்தைகள் இல்லாத வேளைகளில் அந்தக் கனமான சக்கரத்தைக் குனிந்து தள்ளியவர்கள் பெண்கள். சில ஊர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள். தினமும் தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் முதலில் கேட்டிருந்தால் வரைபடத்திலேயே பிழை தெரிந்திருக்கும். ஒரு சமூகத்தோடு சேர்ந்து செய்த திட்டம் என்று மாணவர்கள் கொண்டுவரும்போது நான் தவறாமல் கேட்பது: அவர்கள் வேண்டாம் என்று சொன்னது எது, அதற்காக நீங்கள் எதை மாற்றினீர்கள்? பதில் இல்லையென்றால் அங்கே கலந்து பேசுதல் நடக்கவில்லை, படம் எடுத்தல்தான் நடந்திருக்கிறது.

ஆடை வடிவமைப்புப் படிப்பவர்கள் 2013 ஏப்ரல் 24-ஐ மறக்கக் கூடாது. வங்கதேசத்தின் சாவரில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். சுவரில் விரிசல் விட்டது முந்தைய நாளே தெரிந்திருந்தும் தையல் தொழிலாளர்களை வேலைக்கு வரவழைத்தார்கள். இதில் வடிவமைப்பாளருக்கு என்ன பங்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கட்டடத்தில் பங்கில்லை, அவசரத்தில் பங்குண்டு. கடைசி நேரத்தில் பொத்தானையோ துணியையோ மாற்றிவிட்டு, ஒப்படைக்கும் தேதியை மட்டும் மாற்றாமல் விட்டால் அந்தச் சுமை தையல் இயந்திரத்தின் முன் இருப்பவரின் இரவு வேலையாகிறது. முடிவுகளைக் காலத்தோடு எடுப்பதும் அறத்தில் சேர்த்தி.

எனக்கு நம்பிக்கை தரும் கலைஞர் மியர்லே லேடர்மன் யுகேலெஸ். 1979-ல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு காலம், நியூயார்க் நகரத் துப்புரவுப் பணியாளர்கள் சுமார் 8,500 பேரை நேரில் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அதுவே அவருடைய படைப்பு. பொருள் என்று எதையும் பெரிதாகச் செலவழிக்கவில்லை. யாருடைய உழைப்பை நகரம் பார்க்காமல் கடந்துபோகிறதோ அவர்களிடம் நேரே போனார்.

இத்துறையில் படிக்கக் கல்லூரி தேடுகிறவர்கள் விளம்பரக் கையேட்டின் பசுமைப் பக்கத்தைப் படித்ததோடு நிற்க வேண்டாம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பட்டறையின் கழிவு அறையைக் காட்டச் சொல்லுங்கள். மிச்சத் துணியும் பலகையும் அடுத்த மாணவர் எடுத்துக்கொள்ளும்படி அடுக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இறுதி மதிப்பீட்டில் பொருள் தேர்வுக்கு மதிப்பெண் உண்டா, போன ஆண்டு மாணவர்கள் வேலை செய்த சமூகத்துக்கு யாராவது திரும்பப் போனார்களா என்று ஆசிரியரிடமே கேளுங்கள். அக்கறையுள்ள ஆசிரியருக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது.