வலைக்கு முந்தும் வயிறு

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: “தம்பி, கிணற்றில தண்ணி அள்ளினா நாரி பிடிக்குது. எந்நேரமும் வயிற்றை உள்ளே இழுத்து வச்சிக்கொண்டு வேலை செய்யச் சொல்லுறாங்க. செய்யலாமா?”

வேண்டாம் அக்கா. ஏனென்று சொல்ல மட்டக்களப்பு வாவிக்கரைக்கு, கல்லடிப் பாலத்தடிக்குப் போக வேண்டும்.

விடியற்காலையில் அங்கே தோணியில் நின்றபடி வீச்சுவலை எறிபவரைப் பாருங்கள். ஈரமும் ஈயக்குண்டும் சேர்ந்த பாரம் கையை விட்டுப் பறக்கிறது. நியாயப்படி அவர் மற்றப் பக்கம் சரிந்து வாவிக்குள் விழ வேண்டும். தோணிதான் ஆடுகிறது, ஆள் விழுவதில்லை.

வயிற்றுத்தசை என்றதும் சிக்ஸ் பேக்தான் நினைவுக்கு வரும். அது வெளியே தெரிவது. உள்ளே ஒரு பீப்பா இருக்கிறது: மூடியாக, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு, அடியில் இடுப்புத்தளத் தசைகள், பின்னால் முள்ளந்தண்டை ஒட்டிய சிறு தசைகள், முன்னும் பக்கமும் பட்டிபோலச் சுற்றிய குறுக்கு வயிற்றுத்தசை. எல்லாம் சேர்ந்து இறுகினால் உள்ளே அழுத்தம் ஏறி, முள்ளந்தண்டுக்கு முண்டு கிடைக்கும். சரி, இதெல்லாம் ஓரளவு தெரிந்ததுதான்.

1990களில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஹொட்ஜஸ், ரிச்சட்சன் என்ற ஆய்வாளர்கள், அந்தக் குறுக்குத்தசை எப்போது இறுகுகிறதென்று அளக்க அதற்குள் மெல்லிய கம்பிகளைச் செருகிவிட்டு, கையைத் தூக்கச் சொன்னார்கள். கையைத் தூக்குவது தோள் தசை. ஆனால் அதற்கு ஏறத்தாழ 30 மில்லிசெக்கன் முன்பே வயிற்றுத்தசை இறுகத் தொடங்கியிருந்தது! கை இன்னும் அசையவே இல்லை. உடம்பு ஆடவும் இல்லை. ஆட்டத்தை உணர்ந்து வந்த எதிர்வினையாக அது இருக்க முடியாது. வரப்போகும் ஆட்டத்தை மூளை கணக்குப் பார்த்து, முதலில் நடுவைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் கைக்கு விடுகிறது. ஒருதரம் கண் சிமிட்டவே 100 மில்லிசெக்கனுக்கு மேல் வேண்டும். எத்தனை தரம் வாசித்தாலும் எனக்குப் புல்லரிக்கிற இடம் இது.

நாரி நோவு உள்ளவர்களில் அந்த இறுக்கம் பிந்தி வந்தது. பிந்தியதால் நோவா, நோவால் பிந்தியதா? பிறகு நோவில்லாதவர்களின் முதுகுத்தசையில் செறிந்த உப்புநீரை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். அந்தக் கொஞ்ச நேர நோவே ஒழுங்கைக் குழப்பப் போதுமாக இருந்தது.

ஆகவே அக்கா, நினைப்பதற்குள் முடிந்துவிடும் வேலைக்கு நினைத்துக் கட்டளை போட முடியாது. வயிற்றை இழுத்தே வைத்திருந்தால் பிரிமென்றகடு இறங்க இடமின்றி மூச்சுத்தான் முட்டும். பாயில் நாலுகாலில் நின்று வலக்கையையும் இடக்காலையும் நீட்டி 10 செக்கன் பிடியுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். இந்தப் பயிற்சிதான் ஒரே மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். நாட்பட்ட நாரி நோவுக்கு மற்ற உடற்பயிற்சிகளும் ஏறத்தாழ இதே பலனைத்தான் தருகின்றன.

நூல் ஓதிக் கட்டுவதையும் கேட்பீர்கள். அம்மா விடாததால் நானும் கட்டியிருக்கிறேன். பெரும்பாலான நாரிப்பிடிப்பு சில கிழமைகளில் தானாகவே தணியும், பேர் நூலுக்குப் போய்விடும். ஆனால் கால் விறைத்தாலோ சலம் அடைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு ஓர் ஆசை. ஆய்வுக்குக் காசு ஒதுக்குபவர்கள் மனம் வைத்தால், ஆடும் தோணியில் வலை வீசுபவரின் வயிறு எத்தனை மில்லிசெக்கன் முந்துகிறதென்று அளந்து பார்க்கலாம். தோணிக்கு நான் பொறுப்பு. கம்பி குத்த அவர் சம்மதிப்பாரா என்பதுதான் தெரியவில்லை.