ஜிம் பைக்குள் சில்டெனாஃபில்: இரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரையால் ஓட்டம் கூடுமா?

விளையாட்டு மருத்துவம் பார்க்கும் எனக்கு, முழங்கால் வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் வருகிறவர்களிடம் வேறு என்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கும்போது, சிறு தயக்கத்துக்குப் பிறகு சில்டெனாஃபில் (வயாக்ரா) அல்லது அதே வகையைச் சேர்ந்த டாடலாஃபில் என்ற பெயர் வருவது இப்போது அரிதாக இல்லை. ஆணழகன் போட்டிக்கு உடம்பைத் தயார் செய்யும் வடசென்னை இளைஞர்களும் சொல்கிறார்கள். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதித்துத் திரும்பும் ஐ.டி. ஊழியர்களும் சொல்கிறார்கள். முதல் வகையினருக்கு 'பம்ப்', அதாவது பயிற்சியில் தசை உப்பி நிற்பது, வேண்டும், மேடையில் நரம்பு புடைத்துத் தெரிய வேண்டும். இரண்டாம் வகையினருக்கு மூச்சு வாங்காமல் கூடுதல் தூரம் போக வேண்டும். இவர்களில் பெரும்பாலோருக்கு எந்த மருத்துவரும் அதை எழுதிக் கொடுத்ததில்லை.

இந்த மருந்து வந்த வழியைத் தெரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீரும். இங்கிலாந்தில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சில்டெனாஃபிலை முதலில் நெஞ்சுவலிக்கான மருந்தாகத்தான் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் இதயத்தில் கிடைக்காமல், வேறோர் இடத்தில் கிடைத்ததால், 1998 மார்ச்சில் அமெரிக்காவில் ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கு அது அனுமதி பெற்றது. 2005-இல் நுரையீரல் தமனிகளில் அழுத்தம் மிகும் நோய்க்கும் அனுமதி கிடைத்தது. உடலே சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு, இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசையைத் தளர்த்தும் ஒரு பொருளை உண்டாக்குகிறது. அந்தப் பொருளைச் சிதைக்கும் நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடுவதால், குழாய் விரிந்த நிலையிலேயே கூடுதல் நேரம் இருக்கிறது. 'குழாய் விரிந்தால் இரத்தம் அதிகம் பாயும், இரத்தம் அதிகம் பாய்ந்தால் ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும்' என்று ஜிம்மில் சொல்லப்படும் கணக்கு இங்கிருந்துதான் பிறக்கிறது.

கணக்கு அந்த அளவுக்கு எளிதல்ல. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றும் இதயம், நன்கு பயிற்சி பெற்றவருக்குக் கடும் உழைப்பின்போது 20 லிட்டருக்கும் மேல் வெளியேற்றுகிறது. அந்த நேரத்தில் உழைக்கும் தசையின் குழாய்கள் எந்த மாத்திரையும் இல்லாமலே அகலமாகத் திறந்துதான் இருக்கின்றன. கடல் மட்டத்தில் ஆரோக்கியமான ஒருவரின் தமனி இரத்தம் ஏறக்குறைய முழுமையாக ஆக்சிஜன் ஏற்றியே வருகிறது. ஆகவே இங்கே திறனுக்கு எல்லை வகுப்பவை இதயம் எவ்வளவு இரத்தத்தை அனுப்ப முடியும் என்பதும், தசை அதை எவ்வளவு பயன்படுத்த முடியும் என்பதும்தான். அந்த இரண்டையும் மாற்றாமல் குழாயை மட்டும் மேலும் தளர்த்தினால் இரத்த அழுத்தம் இறங்குமே தவிர ஓடும் திறன் உயராது.

உயரமான மலையில் நிலைமை வேறு. ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் குழாய்கள் சுருங்கி, வலப்பக்க இதயத்துக்குச் சுமை கூடுகிறது. அந்தச் சுருக்கத்தை இம்மாத்திரை தளர்த்துவதால் சிலருக்குப் பயன் உண்டு. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், 3,874 மீட்டர் உயரத்துக்கு ஒப்பான குறைந்த ஆக்சிஜனில் சைக்கிள் மிதித்த பயிற்சி பெற்ற வீரர்களில் சிலருக்குத் திறன் தெளிவாகக் கூடியது, சிலருக்கு மாற்றமே இல்லை. கடல் மட்டச் சூழலில் யாருடைய திறனையும் மாத்திரை உயர்த்திக் காட்டவில்லை. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மெரினாவில் ஓடுகிறவருக்கு அந்த முடிவிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பயன் இல்லை என்பதோடு விஷயம் முடிந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அண்மையில் தலைச்சுற்றலோடு வந்த ஓர் இளைஞர், கால் பயிற்சி செய்யும் நாட்களில் எழுந்து நின்றாலே கண் இருட்டுகிறது என்றார். மாத்திரையைக் காட்டச் சொன்னபோது, கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். இரண்டு மாத்திரைகள் மட்டும் மிச்சம், பெயரில் பாதியும் காலாவதித் தேதியும் வெட்டில் போய்விட்டிருந்தன. "இது யாரு குடுத்தது தம்பி?" என்று கேட்டேன். "ஜிம் மாஸ்டர்தான் டாக்டர். ரத்த ஓட்டத்துக்குன்னு சொன்னாரு, சத்து மாத்திரை மாதிரிதான்னாரு." அவருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை இருந்தது, தோல் மருத்துவர் எழுதிய இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சில வாரங்களாக எடுத்து வந்தார். சில்டெனாஃபிலை உடலிலிருந்து அகற்றும் கல்லீரல் நொதியை இந்தப் பூஞ்சை மருந்து முடக்குகிறது. அதனால் ஒரு மாத்திரை விழுங்கினாலும் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்காகிவிடலாம். படுத்த நிலையில் சரியாக இருந்த அவருடைய இரத்த அழுத்தம் எழுந்து நின்றதும் சட்டென்று இறங்கியது. ஜிம் மாத்திரையைப் பற்றித் தோல் மருத்துவரிடம் அவர் சொல்லவில்லை, வெட்கம்தான் காரணம். வியர்வையும் புழுக்கமும் மிகுந்த நம் ஊரில் பூஞ்சைத் தொற்று எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால், இந்தச் சேர்க்கை இவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததாக இருக்க முடியாது.

கத்திரி வெயிலில் இந்த ஆபத்து இன்னும் கூடும். வியர்வையால் உடலின் நீர் குறைந்திருக்கும்போது, ஓடி முடித்துச் சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கும். மாத்திரையும் சேர்ந்தால் மயங்கி விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. தலைவலி, முகம் சிவந்து சூடேறுதல், மூக்கடைப்பு போன்றவை சாதாரணமாக வருபவை. திடீரென்று பார்வை மங்குவதும், காது கேளாமல் போவதும், நான்கு மணி நேரம் கடந்தும் விறைப்பு அடங்காமல் இருப்பதும் அரிதானவை. ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

உயிருக்கே உலை வைக்கக்கூடியது, நைட்ரேட் எனப்படும் நெஞ்சுவலி மருந்துகளோடு நேரும் மோதல். நெஞ்சுவலி என்றதும் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை, பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளில் இருக்கிறது. ஓடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு அதைக் கொடுத்துவிட்டால், இரண்டு மருந்துகளும் ஒரே பாதையில் வேலை செய்து இரத்த அழுத்தத்தை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டாடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் தரக்கூடாது என்பது விதி. இதய நோயாளிகளுக்கு நம் நாட்டில் தரப்படும் நிக்கோராண்டிலோடும் இவை சேரக்கூடாது. 108-இல் வருபவரிடமோ அவசரப் பிரிவு மருத்துவரிடமோ, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மனைவியோ அம்மாவோ அருகில் இருக்கிறார்கள் என்று கூசினால், அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எந்த மருத்துவரும் செய்வார்.

"வாடா தடை செய்யவில்லையே, பிறகென்ன?" என்று போட்டி வீரர்கள் கேட்கிறார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் சில்டெனாஃபில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இரத்த ஓட்டத்துக்கு என்று பொதுவாகச் சொல்லி ஒரு மாத்திரையை வாங்குகிறவருக்குக் கையில் கிடைப்பது எது என்பதே கேள்வி. இதய நோயாளிகளுக்கு எழுதப்படும் டிரைமெட்டாசிடின் 2014 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. ரஷ்யப் பனிச்சறுக்கு நடன வீராங்கனை கமிலா வலியேவாவுக்கு நான்காண்டுத் தடை வந்தது அதனால்தான். இரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் கலந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் எல்லாக் காலத்திலும் தடை செய்யப்பட்டது. மூலிகை என்று பெயரிட்டு விற்கும் பொடிகளிலும் கேப்ஸ்யூல்களிலும் சில்டெனாஃபிலை மறைத்துக் கலப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு வழியில் ஏதாவது முயலத்தான் வேண்டும் என்பவருக்கு பீட்ரூட் சாறு போதும். ஓரளவு பயன் இருப்பதற்குச் சான்று உள்ள மிகச் சில துணை உணவுகளில் அதில் உள்ள நைட்ரேட்டும் ஒன்று.

நுரையீரல் தமனி அழுத்தத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்து இதை எடுப்பவர்கள், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக்கூடாது.

இன்னொரு சாராரும் உண்டு. ஜிம்முக்கு என்று சொல்லிக் கேட்டாலும், உண்மையில் விறைப்புக் குறைபாட்டுக்காகவே வாங்குகிறவர்கள் அவர்கள். ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை என்பதால், அடைப்பு நோய் சில நேரம் அங்கேதான் முதலில் தெரிகிறது. நெஞ்சுவலி வர ஆண்டுகள் ஆகலாம். ஸ்டீராய்டு ஊசியை நிறுத்திய இளைஞர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் இதே தொல்லை வருகிறது. நாற்பதை நெருங்கும் ஒருவர் இப்படி வந்தால், நான் முதலில் பார்ப்பது சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு. தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனை. அந்த முடிவுகள் கையில் வந்த பிறகே, மாத்திரை வேண்டுமா என்பதையும், அடுத்த மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாமா என்பதையும் அவரோடு உட்கார்ந்து பேசுகிறேன்.