பவளம் தின்னும் மீனுக்கு வீட்டுத் தொட்டியில் ஏன் பசி தீர்வதில்லை?

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் படத்துடன் ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். மஞ்சள் உடலில் ஊதாக் கோடுகள் ஓடும் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றை வாங்கினாராம். அது நாள் முழுவதும் பாறையைக் கொத்துகிறது, ஆனால் போடுகிற குருணைத் தீவனத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, முதுகும் மெலிந்துகொண்டே வருகிறது. இது நோயா, பிடிவாதமா என்பது அவருடைய கேள்வி. படத்தில் இருப்பது இந்தியப் பெருங்கடலில் வாழும் கீட்டோடான் டிரைஃபேசியேட்டஸ். அதற்கு நோயும் இல்லை, பிடிவாதமும் இல்லை. அது பட்டினி கிடக்கிறது.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் ஏறத்தாழ 130 இனங்கள் உள்ளன. சில, புழு, சிறு இறால், பாசி என்று கிடைத்ததைத் தின்று பிழைப்பவை. சில, பவளத்தோடு மற்றவற்றையும் சேர்த்துத் தின்பவை. இன்னும் சில, உயிருள்ள பவளத்தைத் தவிர வேறெதையும் உணவாகக் கருதாதவை. வாசகரின் மீன் கடைசி வகையைச் சேர்ந்தது. அதன் உறவினமான கீட்டோடான் டிரைஃபேசியாலிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மேசைபோல் விரியும் அக்ரோபோரா பவளங்களையே பெரிதும் நம்பி வாழ்கிறது. ஒரு பவள மேசையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, அதை நெருங்கும் மற்ற மீன்களை விரட்டியடிக்கிறது.

பவளம் என்பது சுண்ணாம்புக் கூட்டின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய உயிர்த்தசை என்பதும், அந்தத் தசைக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன என்பதும் பள்ளிப் பாடத்திலேயே வருபவை. மீன் அதை எப்படித் தின்கிறது என்பதுதான் இங்கே சுவையான பகுதி. கிளிமீன் பாறையோடு சேர்த்துக் கடித்து நொறுக்கும். வண்ணத்துப்பூச்சி மீன் அப்படிச் செய்வதில்லை. அதன் வாய் சிறியது; தாடைகளில் தூரிகை மயிர்போல் நுண்ணிய பற்கள் நெருக்கமாக நிற்கின்றன. அது பவளக் குழிக்குள்ளிருந்து தலைநீட்டும் பாலிப் என்ற சிற்றுயிரின் நுனியை, கூட்டைச் சேதப்படுத்தாமல் கிள்ளியெடுக்கிறது. கடிபட்ட இடத்தில் தசை மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால் ஒரே பவளம் மாதக்கணக்கில் மேய்ச்சல் நிலமாக நீடிக்கிறது.

ஆனால் ஒரு கடியில் கிடைப்பது மிகமிகக் கொஞ்சம். பனம்பழக் கொட்டையை நாள் முழுவதும் சப்பியே வயிற்றை நிரப்ப வேண்டும் என்று ஒருவருக்கு விதித்தால் எப்படியிருக்குமோ, அதுதான் இம்மீனின் வாழ்க்கை. நிமிடத்திற்குப் பத்துக் கடி என்று வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரப் பகற்பொழுதுக்குக் கணக்கிட்டால் 7,200 கடிகள் வருகின்றன. வாசகரின் மீன் பாறையை ஓயாமல் கொத்துவது இந்தக் கணக்கை நிரப்பத்தான். அந்தப் பாறையில் பவளம் இல்லை என்பதே வேறுபாடு. வரவு இவ்வளவு குறுகலாக இருப்பதால் செலவிலும் இம்மீன்கள் கறாராக இருக்கின்றன. கடல் சூடேறி, பவளங்கள் தம் பாசியை இழந்து வெளுத்துப்போன 2016-ஆம் ஆண்டின் பெரும் பவள வெளிறலுக்கு முன்னும் பின்னும் பல பாறைத்திட்டுகளில் 38 வண்ணத்துப்பூச்சி மீன் இனங்களைக் கவனித்த ஆய்வாளர்கள், உணவு அருகிய பிறகு அவற்றிடையே சண்டைகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதைக் கண்டார்கள். சண்டைக்குச் செலவழிக்க ஆற்றல் மிஞ்சவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அந்தச் சிறு கடிக்குள் என்னதான் இருக்கிறது? இதற்கான விடையின் ஒரு பகுதி 1974-இல் கிடைத்தது. தாவரவியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த கால்வின்–பென்சன் சுழற்சியின் அதே ஆண்ட்ரூ பென்சன், லியோனார்டு மஸ்கட்டைனுடன் சேர்ந்து, பவளத்தின் கோழையில் மெழுகு இருப்பதையும், அந்த மெழுகின் வழியாகப் பவளத்தின் ஆற்றல் மீன்களுக்குச் சென்று சேர்வதையும் விளக்கினார். சூரிய ஒளியைப் பாசி பிடிக்கிறது. பாசி தரும் சத்தில் ஒரு பங்கைப் பவளம் மெழுகாகவும் கொழுப்பாகவும் சேமிக்கிறது. மீன் அதைக் கிள்ளி விழுங்குகிறது. மெழுகை உடைப்பது சாதாரணக் கொழுப்பை உடைப்பதைவிட நிதானமான வேலை. வண்ணத்துப்பூச்சி மீன்களின் குடலை அளந்து ஒப்பிட்டபோது, கடினப் பவளத்தை மட்டுமே தின்னும் இனங்களுக்கு உடல் நீளத்தோடு ஒப்பிடுகையில் குடல் நீண்டிருப்பது தெரியவந்தது. பொதுவாகப் புலால் உண்ணும் விலங்குகளுக்குக் குட்டையான குடல் என்று படித்த நமக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் தசை, கோழை, மெழுகு, பாசி எல்லாம் கலந்த இந்த நீர்த்த உணவிலிருந்து சத்தைப் பிழிந்தெடுக்க நீளம் தேவைப்படுகிறது.

குடலுக்குள் கூட்டாளிகளும் உண்டு. பனாமாவின் போகஸ் டெல் டோரோ வளைகுடாவில், பவளத்தோடு பிறவற்றையும் தின்னும் நாற்கண் வண்ணத்துப்பூச்சி மீன்களின் குடலை ஆராய்ந்தபோது, நல்ல நிலையிலுள்ள பாறைத்திட்டுகளின் மீன்களில் எண்டோசோயிகோமோனாஸ் என்ற நுண்ணுயிரியே ஓங்கியிருந்தது; அது பவளங்களுக்குள்ளும் வாழும் பேரினம். சிதைந்த திட்டுகளின் மீன்களிலோ அந்த ஒழுங்கு குலைந்து, நொதிக்கவைக்கும் வேறு நுண்ணுயிரிகள் பெருகியிருந்தன. தொட்டிக்கு வந்த மீனின் குடலிலும் இப்படியொரு குலைவு நேரும் என்று ஊகிக்க இடமிருக்கிறது. மறுபக்கம், எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று: பவளந்தின்னி மீன்களின் கழிவில் பவளப் பாசிகள் உயிரோடு வெளிவருவதைப் பசிபிக்கின் மோரியா தீவில் செய்த ஆய்வு 2021-இல் காட்டியது. மீன் எச்சமிடும் இடமெல்லாம் பாசி விதைக்கப்படுகிறது. பவளத்தைக் கடிக்கும் மீனே பவளத்துக்கு வேண்டிய பாசியைச் சுமந்து பரப்பவும் செய்கிறது என்றால், அதைப் பகை என்று மட்டும் எப்படிச் சொல்வது?

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். உயிர்ப்பவளத்தையே வாங்கிப் போடலாமே என்றால், இந்தியாவில் அதற்குச் சட்டம் இடம் தராது. கடினப் பவளங்கள் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் விற்பதும் குற்றம். இறந்த பவளத்தின் கூடும் இதில் அடங்கும். ஆகவே உணவின் பொருளைப் போலியாகச் செய்ய முடியாவிட்டாலும் அதன் வடிவத்தையும் தாளத்தையும் போலச்செய்வதே எஞ்சியிருக்கும் வழி. மட்டிச் சதை, இறால், கணவாய் ஆகியவற்றை விழுதாக அரைத்து, அகர்அகர் சேர்த்துக் கெட்டிப்படுத்தி, பிசினில் வார்த்த செயற்கைப் பவளத்தின் குழிகளுக்குள் அழுத்தித் தேய்த்துத் தொட்டியில் வைக்க வேண்டும். நீரில் மிதந்து விழும் குருணை இம்மீனுக்கு உணவாகவே தெரியாது. அசையாத பரப்பில், குழிக்குள், கிள்ளத் தோதாக இருப்பதைத்தான் அதன் வாய் தேடுகிறது. முதலில் ஓரிரு முறை கொத்தித் துப்பும். துப்பியதை மறுபடி கொத்தினால் நல்ல அறிகுறி. அதன்பின் பகலில் ஆறேழு முறையாவது சிறுகச் சிறுக வைக்க வேண்டும்; இரண்டு வேளை வயிறு புடைக்கக் கொடுப்பது பயன் தராது.

ஆனால் இப்படி விழுது தேய்க்கத் தேய்க்க நீரில் அம்மோனியா ஏறும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல புரத நுரைப்பானும், தாராளமான நீர்க் கொள்ளளவும், சென்னை வெயிலுக்குக் குளிர்விப்பானும் இல்லாத இடத்தில் பசி தீர்ந்தாலும் நஞ்சு கொல்லும்.

மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று சொல்லி மறுநாளே புதிய மீன் வாங்குகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கடைக்காரர்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை வேறில்லை. உணவு கிடைக்காமல் இறந்த மீன் எந்தக் கண்டத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்து வாங்குவதும் அதே இனமானால் அதே முடிவுதான்.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் அது எளிதன்று: முட்டைகள் திறந்த கடலில் மிதப்பவை, தலையில் எலும்புக் கவசம் பூண்ட குஞ்சுகள் வாரக்கணக்கில் மிதவையாகவே வாழ்பவை. ஏற்றுமதி வருவாயைக் காட்டினால்தான் நிதி கிடைக்கும் என்ற நிலையில், இக்குஞ்சுகளின் தீவனத்தைப் பற்றி ஆராய முன்வருவோர் குறைவு. தொட்டியிலேயே பிறந்து, சிறு வயதிலேயே விழுதை உணவாகக் கற்ற மீன்கள் கிடைத்தால், பவளத்திட்டிலிருந்து பிடித்துவந்து பட்டினி போடும் வணிகத்துக்கு அவசியம் குறையும் என்பதால், இந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசகர் இப்போது செய்ய வேண்டியது: வேகமாகத் தின்னும் மற்ற மீன்களிடமிருந்து இதைப் பிரித்து, தனித்தொட்டியில் விழுது பூசிய செயற்கைப் பவளத்தை வைத்துப் பாருங்கள். உடலின் மேல்விளிம்பில், முதுகுத்துடுப்பின் அடியில் தசை மீண்டும் உருண்டு வருகிறதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியும். அடுத்த முறை இதே சாயலில் ஒரு மீன் வேண்டுமென்றால் கீட்டோடான் ஆரிகாவைக் கேளுங்கள். முதுகுத்துடுப்பிலிருந்து நூல்போல் ஓர் இழை நீளும் அந்த இனம் உறைந்த இறாலை வாங்கிக்கொள்ளும். எதுவானாலும், கடைக்காரர் உங்கள் கண்முன் தீவனம் போட்டு, மீன் அதைத் தின்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.