சஸ்பென்ஷன் அப்டேட் கேட்டு டீலரிடம் போகிறவர்களுக்கு

காரின் சஸ்பென்ஷனுக்குப் புது மென்பொருள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, டீலரிடம் போய் "அந்த அப்டேட்டைப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்கிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கவுன்டரில் இருக்கும் சர்வீஸ் அட்வைசர் வண்டிக்கே உரிய அடையாள எண்ணான விஐஎன்னைக் கணினியில் தட்டிப் பார்க்கிறார். "ரீகால் எதுவும் பாக்கி இல்லை, உங்கள் கார் சரியாக இருக்கிறது" என்கிறார். கேட்டவரும் அதை நம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறார். அவர் கேட்டது ஒன்று, கணினியில் தேடப்பட்டது வேறொன்று: பாதுகாப்புக் குறைபாட்டுக்காக உற்பத்தியாளர் வண்டியைத் திரும்ப அழைக்கும் ரீகால்.

நான் அமெரிக்காவின் மிச்சிகனில் வாகனக் கட்டுப்பாட்டு மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்களான டேம்பர்களை இயக்கும் மென்பொருளை வண்டியில் ஏற்றி, ஓட்டி, அளந்து, திருத்துவது அன்றாட வேலை. அதனால் தெரிந்தவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருவார்கள். "அண்ணா, அப்டேட்னு ஒண்ணு இல்லவே இல்லைங்கிறாங்க" என்று ஒரு தம்பி அண்மையில் போன் செய்தான். அவன் கார் மாடலுக்கு உற்பத்தியாளர் டீலர்களுக்கு அனுப்பிய புல்லட்டின் என்ற அறிவிப்பு அரசாங்கத் தளத்திலேயே எல்லோரும் படிக்கும்படி கிடந்தது. டீலர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட விதத்துக்கு அதுதான் பதில்.

முதலில், மாறப்போவது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஷெவர்லே கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். சாதாரண ஷாக் அப்சார்பரில் எண்ணெய் சின்னச் சின்ன வழிகளில் புகுந்து போகும்போது உண்டாகும் தடைதான் வண்டியின் ஆட்டத்தை அடக்குகிறது. அந்த வழிகளின் அளவு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். கார்வெட்டில் மேக்னெடிக் ரைடு என்ற காந்த டேம்பர் அமைப்பை வாங்கியிருந்தால் கதை வேறு. அதன் எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். பிஸ்டனில் உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் துகள்கள் வரிசை கட்டி நின்று எண்ணெய் கெட்டிப்படும், நிறுத்தினால் இளகும். எல்லாம் சில மில்லி விநாடிகளில் நடந்து முடிந்துவிடும். இப்படிப்பட்ட திரவத்தை 1940-களிலேயே அமெரிக்காவின் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் ஜேக்கப் ராபினோ உருவாக்கிவிட்டார். காருக்குள் வருவதற்குத்தான் அரை நூற்றாண்டு ஆனது. டெல்ஃபை நிறுவனம் செய்த டேம்பர்கள் 2002-ல் கேடிலாக் செவில் எஸ்டிஎஸ்ஸில் வந்தன, அடுத்து 2003 கார்வெட்டில். பிறகு ஃபெராரி 599, ஆடி ஆர்8, ஃபோர்டின் ஷெல்பி ஜிடி350 என்று பரவியது.

எந்த நேரத்தில், எந்தச் சக்கரத்துக்கு, எவ்வளவு மின்சாரம் என்று தீர்மானிப்பது மென்பொருளுக்குள் இருக்கும் அட்டவணைகள். சக்கரம் மேலே ஏறும் வேகம், கீழே இறங்கும் வேகம், ஸ்டீயரிங் திரும்பிய அளவு, பிரேக் அழுத்தம், ஓட்டுபவர் தேர்ந்தெடுத்த மோடு, இவை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. டூர் மோடில் மெத்தென்று போகிற அதே வண்டி டிராக் மோடில் விறைத்துக்கொள்வது இதனால்தான். இந்த அட்டவணைகளின் தொகுப்பைத்தான் நாங்கள் கேலிப்ரேஷன் என்கிறோம். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இதை மட்டும் மாற்றினால், வளைவின் நடுவில் ஒரு மேடு வரும்போது பின்சக்கரம் தரையைப் பிடித்திருக்கிறதா, துள்ளுகிறதா என்பது மாறும். அதனால்தான் இதைச் சொகுசு விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மென்பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறொரு பாகத்திலிருந்து ஓர் உதாரணம்: 2018-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சோதித்தபோது டெஸ்லா மாடல் 3, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொண்டது. டெஸ்லா பிரேக் மென்பொருளைத் திருத்தி அனுப்பிய பிறகு அதே வண்டி 133 அடியில் நின்றது.

டெஸ்லா அதைக் காற்றுவழியே, அதாவது இணையம் மூலம், நேராக வீட்டு வாசலில் நின்ற கார்களுக்கு அனுப்பியது. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. காற்றுவழி அப்டேட் பெறுகிற புதிய கார்களிலும் எல்லா மாட்யூல்களும், அதாவது ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சிறு கணினிகளும், அப்படி மாறுவதில்லை. ஆகவே டீலரின் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான டீலர்கள் உற்பத்தியாளரின் கிளைகள் அல்ல, உரிமம் பெற்று நடத்தும் தனி வியாபாரிகள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டீலரின் பட்டறை ஓடுவது ரிப்பேர் ஆர்டர் என்ற காகிதத்தின் மேல். வாரண்டியில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் உற்பத்தியாளர் ஓர் எண் கொடுத்து, அதற்கு இவ்வளவு நேரம் என்று ஒரு மணியைப் பத்தாகப் பிரித்துக் கணக்கு வைத்திருப்பார். டெக்னீஷியன்கள் பலருக்கும் சம்பளம் அந்தக் கணக்கின்படிதான், உண்மையில் செலவான நேரத்தின்படி அல்ல. மென்பொருள் ஏற்றும் வேலைக்கு ஒதுக்கும் நேரம் குறைவு. வண்டியை உள்ளே எடுத்து, பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்து, கோப்பு இறங்கும்வரை காத்திருந்து, ஓட்டிப் பார்ப்பதற்குள் அது தாண்டிவிடும். வேலைக்கான எண்ணே இல்லாமல் "வந்திருக்காமே, போடுங்கள்" என்று சொன்னால், அந்த நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள் என்று டெக்னீஷியனுக்குத் தெரியும். அட்வைசருக்கும் தெரியும். பிறகு யார் செய்வார்கள்?

எனவே நம் விருப்பத்தை அந்தக் காகிதத்தில் ஏறக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ரீகால் என்பது பாதுகாப்புக் குறைபாட்டுக்கானது. சட்டப்படி அதை இலவசமாகச் செய்தாக வேண்டும், முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை. சர்வீஸ் கேம்பெய்ன் என்பது உற்பத்தியாளர் தானாக முன்வந்து குறிப்பிட்ட வண்டிகளுக்குச் செய்து தருவது. இந்த இரண்டும் டீலர் விஐஎன் எண்ணைத் தட்டியதுமே திரையில் வந்துவிடும். சஸ்பென்ஷன் மென்பொருள் மாற்றங்களோ அனேகமாக மூன்றாவது வகையான டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டினில் வருகின்றன. "வாடிக்கையாளர் இன்ன குறை சொல்லி, டெக்னீஷியன் அதை உறுதி செய்தால், இன்ன மாட்யூலில் புது கேலிப்ரேஷனை ஏற்றவும்" என்பது அதன் அமைப்பு. குறை சொல்லப்படாதவரை அது தானாகத் தலைகாட்டாது. வாரண்டிக் காலத்துக்குள் இருந்தால்தான் இலவசம். ஷெவர்லேவுக்கு அடிப்படை வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைல், போர்ஷேவுக்கு 4 ஆண்டு அல்லது 50,000 மைல். அது முடிந்திருந்தால் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தப் புல்லட்டின்கள் ரகசியம் அல்ல. டீலர்களுக்கு அனுப்புகிறவற்றின் நகலை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்ஹெச்டிஎஸ்ஏவுக்கும் உற்பத்தியாளர்கள் கொடுக்க வேண்டும். அதன் தளத்தில் கார் மாடலையும் ஆண்டையும் கொடுத்தால் ரீகால், புகார்கள் இவற்றோடு உற்பத்தியாளர் அறிவிப்புகள் என்ற பகுதியும் வரும். பலர் ரீகால் பகுதியைப் பார்த்ததோடு மூடிவிடுகிறார்கள். அடுத்த பகுதியையும் திறந்து, சஸ்பென்ஷன் பற்றியதைத் தேடி, புல்லட்டின் எண்ணோடு அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஷெவர்லே, கேடிலாக் போன்ற ஜிஎம் வண்டி என்றால் இன்னும் ஒரு படி போகலாம். விஐஎன் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு மாட்யூலுக்கும் இப்போது உள்ள கேலிப்ரேஷன் எண்களைக் காட்டும் பொதுத்தளம் ஒன்றை அந்த நிறுவனம் வைத்திருக்கிறது.

அப்புறம், குறையை எழுதும் விதம். "சஸ்பென்ஷன் அப்டேட் வேண்டும்" என்பது குறை அல்ல. "டூர் மோடில், 65 மைல் வேகத்தில், பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது பின்பக்கம் தூக்கிப்போட்டு உடனே அடங்குவதில்லை" என்பது குறை. எந்தச் சாலை, எந்த வேகம், எந்த மோடு, டயர் குளிர்ந்திருந்ததா சூடாகியிருந்ததா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். டெக்னீஷியனை உடன் உட்காரவைத்து அந்தச் சாலையில் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். நல்ல பட்டறைகள் மறுப்பதில்லை. ஆனால் இல்லாத குறையை இருப்பதாகச் சொல்லாதீர்கள். அப்டேட் கிடைக்க அதுதான் குறுக்குவழி என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பொய்யான குறை ஒன்று ஆவணத்தில் ஏறிவிட்டால், நாளைக்கு உண்மையான கோளாறு வரும்போது கண்டுபிடிக்கிறவரைத் திசை திருப்பும். குறை இல்லை, மேம்பாடுதான் வேண்டும் என்றால் காசு கொடுத்துச் செய்துகொள்ளத் தயார் என்று நேராகச் சொல்லுங்கள். பட்டறையில் மென்பொருள் வேலை தெரிந்தவர் யார் என்று விசாரித்து, அவர் இருக்கும் நாளில் நேரம் வாங்குங்கள்.

போவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், இதை நான் பலமுறை சொல்லியும் யாரும் செய்வதில்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா? டேம்பரில் எண்ணெய்க் கசிவு உண்டா? டயர் பழசாகிவிட்டதா? தேய்ந்துபோன டயரோடு வந்து "மென்பொருள் சரியில்லை" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கசியும் டேம்பரை எந்தக் கேலிப்ரேஷனும் காப்பாற்றாது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தால் அதையும் டீலரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உற்பத்தியாளரின் சர்வர் உங்கள் வண்டிக்கான மென்பொருள் கோப்பைத் தேர்ந்தெடுப்பது தொழிற்சாலையில் பதிவான விவரத்தை வைத்துத்தான். எட்டாம் தலைமுறையான சி8 கார்வெட்டிலேயே மேக்னெடிக் ரைடு மட்டும் உள்ள எஃப்ஈ2, அதோடு இசட்51 என்ற செயல்திறன் பொதியும் சேர்ந்த எஃப்ஈ4 என்று தனித்தனி அமைப்புகள் உண்டு. நீங்கள் வெளியில் வாங்கி மாட்டிய ஸ்பிரிங் பற்றி அந்தக் கோப்புக்கு எதுவும் தெரியாது.

மென்பொருள் ஏற்றுகிற நேரத்தில் உண்மையான ஆபத்து மின்சாரம். பாதியில் பேட்டரி வோல்டேஜ் சரிந்தால் மாட்யூல் செயலிழந்து போகலாம், பிறகு புது மாட்யூல்தான். அந்த வேலைக்கென்றே உள்ள, சீரான மின்சாரம் தரும் கருவியை இணைத்திருக்க வேண்டும். சாதாரண பேட்டரி சார்ஜரின் மின்சாரத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும், அது கூடாது. "புரோகிராமிங்குக்கான பவர் சப்ளை போடுவீர்களா?" என்று அட்வைசரிடம் கேட்பதில் தவறே இல்லை. தெரிந்த பட்டறைக்கு அது சாதாரணக் கேள்வி.

சஸ்பென்ஷன் மாட்யூல் தனியாக இயங்குவதும் இல்லை. வண்டி வழுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல், ஸ்டீயரிங் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. புல்லட்டினில் பல மாட்யூல்கள் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லிய வரிசையில் ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றி வண்டியை வெளியே விடுவதை நான் ஏற்கமாட்டேன். சில வண்டிகளில் வண்டியின் உயரத்தை அளக்கும் சென்சார்களை மறுபடி சரியளவுக்குப் பழக்கவும் வேண்டியிருக்கும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது "அப்டேட் முடிந்தது" என்ற வாய்வார்த்தை போதாது. ரிப்பேர் ஆர்டரில் புல்லட்டின் எண், மாட்யூலின் பெயர், பழைய கேலிப்ரேஷன் எண், புதிய எண் நான்கும் இருக்க வேண்டும். ஜிஎம் டீலரின் புரோகிராமிங் மென்பொருளான எஸ்பிஎஸ், வேலை முடிந்ததும் ஒரு வாரண்டி கிளெய்ம் கோடு தரும். டெக்னீஷியன் அதை ரிப்பேர் ஆர்டரில் எழுதியாக வேண்டும். அந்தக் கோடு இருந்தால் வேலை உண்மையில் நடந்தது என்று நம்பலாம். ஏற்கெனவே புதிய பதிப்பே இருந்தது என்றாலும் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அதுவும் பயனுள்ள தகவல்தான்.

முதல் சில நாள் பழகிய சாலையில் நிதானமாக ஓட்டுங்கள். வளைவில் கார் சாயும் வேகம் மாறியிருக்கும், உங்கள் கை பழைய கணக்கிலேயே இருக்கும். நேராக ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். டீலரின் கருவி பொதுவாக அண்மைப் பதிப்பைத்தான் கொடுக்கும் என்பதால், பிடிக்கவில்லை என்று பழையதுக்குத் திரும்புவது அனேகமாக நடக்காது. முடிந்தால் அப்டேட் செய்த அதே மாடலில் முன்கூட்டியே ஒரு சுற்று உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் டீலர் மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் புல்லட்டின் எண்ணைச் சொல்லி ஒரு கேஸ் எண் வாங்குங்கள். அதோடு வேறொரு டீலரிடம் போனால் பேச்சே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வாரண்டி முடிந்த வண்டிக்கு, உற்பத்தியாளரின் மென்பொருள் சந்தாவும் கணினியை வண்டியோடு இணைக்கும் ஜே2534 கருவியும் வைத்திருக்கும் தனியார் பட்டறைகள் உண்டு. அவர்கள் ஏற்றுவதும் அதே சர்வரிலிருந்து வரும் அதே கோப்புதான். வாரண்டி இன்னும் மிச்சம் இருந்தாலும், வெளியில் வேலை செய்தீர்கள் என்ற ஒரே காரணத்தைக் காட்டி அதை ரத்து செய்ய 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் வெளியில் செய்த வேலையாலேயே மாட்யூல் கெட்டால் அந்தச் செலவை உற்பத்தியாளர் ஏற்கமாட்டார். அதனால் தனியார் பட்டறையிலும் பவர் சப்ளை பற்றிய கேள்வியை விடாதீர்கள், பழைய எண்ணும் புதிய எண்ணும் பில்லில் இருக்கட்டும்.