மூடிய பேட்டரிக்கு முழு சார்ஜ் கிடைக்கிறதா?

மின்கம்பி எட்டாத இடங்களில் சூரிய ஒளியாலோ சிறு காற்றாலையாலோ இயங்கும் அமைப்புகளைப் பழுதுபார்க்கப் போனால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது பேட்டரி தரமில்லை என்ற புகார்தான். சோதித்துப் பார்த்தால், பல இடங்களில் அந்தப் பேட்டரி மாதக்கணக்கில் ஒருநாள்கூட முழுதாக சார்ஜ் ஆகாமல் இருந்திருக்கிறது.

இங்கே பேசுவது நீர் ஊற்ற வழியில்லாத, மூடிய காரீய-அமில பேட்டரியைப் பற்றி. அது மின்சாரம் தரும்போது அதன் தகடுகளில் காரீய சல்பேட் படிகிறது. உடனே முழுதாக சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். அரைகுறையாக விட்டால் மிச்சம் நாளடைவில் கெட்டியான படிகங்களாகிவிடும். பிறகு அவ்வளவு எளிதில் கரையாது. கொள்ளளவு இப்படித்தான் குறைகிறது.

சிக்கல் கடைசி இருபது சதவீதத்தில் இருக்கிறது. ஏறத்தாழ எண்பது சதவீதம் வரை சார்ஜ் வேகமாக ஏறும். அதன்பின் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைத்தாலும், பேட்டரி ஏற்கும் ஆம்பியர் தானாகவே குறைந்துகொண்டே போகும். அந்தக் கடைசிப் பகுதி நிறையப் பல மணி நேரம் வேண்டும். அதற்குள் மாலையாகிவிடுகிறது, விளக்குகளும் எரியத் தொடங்கிவிடுகின்றன.

பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவியான சார்ஜ் கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிவதை நம்பி ஏமாறாதீர்கள். பல கருவிகளில் அதற்குக் குறிப்பிட்ட வோல்ட்டைத் தொட்டுவிட்டது என்று மட்டுமே பொருள். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 12 வோல்ட் ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்த மூடிய வகை) 14.4 வோல்ட்டில் இருக்கும்போது உள்ளே போகும் மின்னோட்டம் 1 அல்லது 2 ஆம்பியராக இறங்கினால்தான் அது நிறைந்தது என்று நான் ஏற்பேன். சார்ஜையும் சுமையையும் துண்டித்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், 12.8 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது.

அதற்காக வோல்ட்டைக் கண்டபடி ஏற்றிவிடவும் கூடாது. ஏஜிஎம் வகைக்குப் பொதுவாக 14.4 முதல் 14.7 வரை, அமிலம் கூழாக இருக்கும் ஜெல் வகைக்கு 14.1 முதல் 14.4 வரை, தயாரிப்பாளர் தரும் எண்ணே இறுதியானது. நீர் ஊற்றும் சாதாரண டியூபுலர் பேட்டரிக்கான அமைப்பில் கன்ட்ரோலரை அப்படியே விட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் கொடுமை. ஈக்குவலைசேஷன் (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றும் சார்ஜ்) என்று அது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும்போது மூடிய பேட்டரியின் வால்வு திறந்து வாயு வெளியேறும். அப்படிப் போன நீரைத் திரும்ப ஊற்ற வழியே இல்லை.

மேலே சொன்ன சார்ஜ் அளவுகள் 25 பாகை செல்சியசுக்கு உரியவை. வெப்பம் ஒரு பாகை கூடும்போது, 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 0.024 வோல்ட் குறைக்க வேண்டும். 40 பாகையில் 14.4 என்பது 14.04 ஆகிவிடும். இதைத் தானே செய்யும் கன்ட்ரோலர்கள் உண்டு. ஆனால் அவற்றின் வெப்ப உணரி பேட்டரியின் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். சுவரில் தொங்கினால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். மெல்லிய, நீளமான கேபிளும் இதே போல ஏமாற்றும். கன்ட்ரோலர் 14.4 காட்டும், பேட்டரி முனையில் 14 கூட வந்திருக்காது. மல்டிமீட்டரை முனையிலேயே வைத்து அளந்துவிடுங்கள்.

இரவில் மின்சாரம் போதவில்லை என்று இன்னொரு பேட்டரியை வாங்கி இணைக்கிறார்கள். சோலார் தகடுகள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே இருக்கும். முன்பு ஒன்றுக்கே போதாத சார்ஜை இப்போது இரண்டு பங்கிட்டுக்கொள்ள, புதியதும் பழையதும் சேர்ந்தே கெடுகின்றன. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது சார்ஜ் மின்னோட்டமாக வர வேண்டும்: 200 ஆம்பியர்-மணிக்கு 20 ஆம்பியர். அது வராத இடத்தில் முதலில் சோலார் தகடுகளைத்தான் கூட்ட வேண்டும்.

ஜெனரேட்டர் இருந்தால் அதை மாலையில் ஓட்டாமல் காலையில் ஓட்டுங்கள். வேகமாக ஏறும் பகுதியை அது முடித்துவிடும். மெதுவாக நிறையும் மிச்சத்தைப் பகல் முழுவதும் வெயில் பார்த்துக்கொள்ளும். எரிபொருளும் வீணாகாது.